அக்டோபர் 23-ல் பிறந்த வீரர்



உங்கள் பிறந்தநாளன்று நாட்டுக்கே விடுமுறை என்றால் எப்படி இருக்கும்? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் பிறந்த பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஊரே தங்களுக்காகத்தான் கொண்டாடுகிறது என்று பெருமை அடித்துக்கொள்வார்கள். வகுப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தமும் கூடவே இருக்கும்!

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு உண்டு. அங்கே அக்டோபர் 23 தேசிய விடுமுறை நாள். ஆனால், 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தேதியை வெளிப்படையாகக் கொண்டாடவே முடியாத ஒரு காலமும் அங்கே இருந்தது. அந்தத் தேதியில், 1927-ம் ஆண்டு, மிஷ்கோல்ட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர்தான் டெஷோ ஜார்மதி. வாட்டர் போலோ விளையாட்டில் தொடர்ந்து 5 ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். அவர் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னால் போடுகிறோம் அல்லவா? ஹங்கேரியிலும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். எனவே அவர் ஊர்க்காரர்களுக்கு அவர் ஜார்மதி டெஷோ. நாமும் அவரை ஜார்மதி என்றே அழைப்போம்.

இப்போது வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் நடுவில் தேடுங்கள். ஆஸ்திரியாவுக்குக் கிழக்கே, ருமேனியாவுக்கு மேற்கே இருக்கிறது ஹங்கேரி. நான்கு புறமும் நிலம்தான், கடற்கரையே கிடையாது. மக்கள்தொகை ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவு. இப்படிப்பட்ட நாடுதான் ஆண்கள் வாட்டர் போலோவில் 9 ஒலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறது. வேறு எந்த நாடும் இத்தனை தங்கம் வாங்கியதில்லை!

கடல் இல்லாத நாட்டுக்கு இது எப்படி வாய்த்தது? ஹங்கேரியில் பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்றுகள் பொங்கி வருகின்றன. தலைநகர் புடாபெஸ்டில் மட்டும் ஏராளமான வெந்நீர்க் குளியல் கூடங்கள் உண்டு. வெளியே பனி கொட்டும்போதும் குளத்தில் நீந்தலாம். நகரத்தின் நடுவே டான்யூப் நதி ஓடுகிறது. அந்த நதியில் உள்ள மார்கரெட் தீவில் 1930-ல் ஒரு பெரிய நீச்சல் அரங்கைக் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ். 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் 2 தங்கம் வென்ற நீச்சல் வீரர் இவர்தான். இவருக்கு 13 வயதாக இருந்தபோது அப்பா டான்யூப் நதியில் மூழ்கி இறந்துவிட்டார். அதன் பிறகுதான் நீச்சலில் தீவிரமாக இறங்கினார். இவரைப் பற்றியும் ஒரு வாரம் எழுத வேண்டும் என்று ஆசை. இப்போது நம் கதைக்கு வருவோம்.

வாட்டர் போலோ பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் ஆடும் பந்து விளையாட்டு. ஒரு பக்கத்துக்கு 7 பேர், அதில் ஒருவர் கோல் காப்பவர். எதிரணியின் வலைக்குள் பந்தை எறிய வேண்டும். கேட்க எளிது. ஆனால் குளம் ஆழமானது. ஆட்டம் முடியும்வரை தரையில் கால் ஊன்றக் கூடாது. பந்தை ஒரு கையால்தான் தொடலாம். கோல் காப்பவருக்கு மட்டும் இரண்டு கையும் உண்டு. நின்ற இடத்திலேயே மிதப்பதற்காகக் கால்களை மத்துக் கடைவது போல மாற்றி மாற்றிச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்புவரை மேலே எழும்பிப் பந்தை எறிந்துவிட்டு, உடனே மறுமுனைக்கு நீந்திப் போக வேண்டும். 2 நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள், மூச்சு வாங்கும். (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவர் கரையில் நிற்கிறார். தண்ணீருக்கு அடியில் நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. உதைப்பது, கிள்ளுவது, நீச்சலுடையைப் பிடித்து இழுப்பது எல்லாம் அங்கே நடக்கும். பின்னால் வரப்போகும் ஒரு சம்பவத்துக்காக இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்மதி சிறுவனாக இருந்த காலத்திலேயே ஹங்கேரி இந்த விளையாட்டில் பெயர் வாங்கிவிட்டது. பேலா கோம்யாடி என்ற பயிற்சியாளர் அடித்தளம் போட்டார். 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தங்கம் கிடைத்தது. அந்த அணிகளில் ஆடிய ஒலிவேர் ஹலாஷி என்ற வீரருக்குச் சிறுவயதில் நடந்த டிராம் விபத்தில் ஒரு பாதம் போய்விட்டது. அப்படியும் 2 தங்கம் வென்றார். இப்படிப்பட்டவர்களின் புகழைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஜார்மதியுடையது.

அவரிடம் இரண்டு சிறப்புகள் இருந்தன. ஒன்று வேகம். 100 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நீந்துவார். அந்தக் காலத்தில் வாட்டர் போலோ வீரர் ஒருவருக்கு இது அசாத்திய வேகம். இரண்டாவது, இடது கை, வலது கை இரண்டாலும் பந்தை எறிவார். எந்தக் கையால் எறியப் போகிறார் என்று தெரியாமல் கோல் காப்பவர் திகைத்து நிற்பார்.

அந்த நேரத்தில் விதி ஒன்றும் மாறியது. முன்பெல்லாம் நடுவர் விசில் ஊதினால் எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் மிதக்க வேண்டும். 1949-க்குப் பிறகு விசில் ஊதினாலும் நீந்தி இடம் மாறலாம் என்று ஆனது. வேகமாக நீந்துபவர்களுக்குக் கொண்டாட்டம்! ஜார்மதியைப் போன்ற வீரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1948-ல் லண்டன் ஒலிம்பிக். ஜார்மதிக்கு 20 வயது. இத்தாலி தங்கம் வாங்க, ஹங்கேரிக்கு வெள்ளி. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அந்தக் குறை தீர்ந்தது. ஹங்கேரி வாட்டர் போலோ அணி தங்கம் வென்றது. அந்த ஒலிம்பிக்கில் ஹங்கேரி மொத்தம் 16 தங்கம் வாங்கியது. ஒரு சின்ன நாட்டுக்கு 16 தங்கம் என்பதை யோசித்துப் பாருங்கள்!

அந்தப் பதினாறில் இன்னொரு தங்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கான 200 மீட்டர் மார்பு நீச்சலில் அதை வென்றவர் ஏவா செகேய். இவர்தான் ஜார்மதியின் மனைவி. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் யூதர் என்பதற்காகவே நீச்சல் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். போரின் கடைசிக் கட்டத்தில், பிடிபட்டால் உயிர் போகும் என்ற நிலையில், 40 பேருக்கு மேல் அடைந்து கிடந்த ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். நீந்தக் குளம் ஏது? அந்தக் கட்டடத்தின் 5 மாடிப் படிகளையும் தினமும் காலையில் 100 முறை ஏறி இறங்கி உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டாராம். கணவர் கதையைச் சொல்ல வந்த என்னை இந்தப் படிக்கட்டு கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது. சரி, மேலே போவோம்.

1954-ல் இவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆண்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும். உள்ளே நிலைமை வேறு. இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் யூனியன் படைகள் ஹங்கேரிக்குள் வந்தன. ஜெர்மனியின் நாஜிப் படைகளைத் துரத்தினார்கள். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. நாட்டில் ஒரே ஒரு கட்சி என்றானது. ஆட்சியைக் குறை சொன்னால் ரகசியப் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ரஷ்ய மொழி படித்தே ஆக வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. சாதாரண மக்கள் தாண்ட முடியாத எல்லையைத் தாண்டி அவர்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வர முடிந்தது.

இப்போது 1956-க்கு வருகிறோம். அக்டோபர் 23. ஜார்மதிக்கு 29 வயது நிறைந்த நாள்.

அன்று புடாபெஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சோவியத் படைகள் வெளியேற வேண்டும், பல கட்சிகள் போட்டியிடும் நேர்மையான தேர்தல் வேண்டும் என்பவை அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை. மாலைக்குள் தொழிலாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து லட்சக்கணக்கானோர் திரண்டனர். சோவியத் தலைவராக இருந்த ஸ்டாலினின் மிகப்பெரிய சிலையைக் கவிழ்த்தார்கள். வானொலி நிலையத்தின் முன்னால் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊர்வலமாகத் தொடங்கியது புரட்சியாக மாறியது. கொடியின் நடுவில் இருந்த ஆட்சியாளர்களின் சின்னத்தை மக்கள் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டையோடு அந்தக் கொடியை ஏந்தி நடந்தார்கள்.

வாட்டர் போலோ அணி அப்போது நகரத்துக்கு மேலே ஒரு மலையில் ஒலிம்பிக் பயிற்சி முகாமில் இருந்தது. கீழே குண்டு வெடிக்கும் சத்தம் அங்கே கேட்டது. புகை எழும்புவதும் தெரிந்தது. பயிற்சி கெடக்கூடாது என்று அணியைப் பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் பயணம். புரட்சி வென்றுவிட்டது என்ற நம்பிக்கை பலருக்கும் இருந்தது.

ஆனால் நவம்பர் 4 அதிகாலையில் சோவியத் டாங்கிகள் பெரும் படையாகப் புடாபெஸ்டுக்குள் நுழைந்துவிட்டன. வீதிவீதியாகச் சண்டை. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். மெல்போர்னில் இறங்கிய பிறகுதான் வீரர்களுக்கு இதெல்லாம் முழுமையாகத் தெரிய வந்தது. ஒலிம்பிக் கிராமத்தில் தங்கள் நாட்டுக்காகப் பறந்த கட்சிச் சின்னம் உள்ள கொடியை அவர்கள் இறக்கிவிட்டு, அந்தச் சின்னம் இல்லாத கொடியை ஏற்றினார்கள்.

அப்போது செல்போன் கிடையாது. ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதும் நடக்கிற காரியமல்ல. ஜார்மதியும் ஏவாவும் இருவருமே மெல்போர்னில். 2 வயதுக் குழந்தை ஆண்ட்ரியா புடாபெஸ்டில். உயிரோடு இருக்கிறாளா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கவலையில் ஏவாவின் எடை கிடுகிடுவென்று குறைந்துபோனது. அந்த நிலையிலும் குளத்தில் இறங்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். வெள்ளிதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1956 டிசம்பர் 6. ஹங்கேரியும் சோவியத் யூனியனும் வாட்டர் போலோவில் மோதும் நாள். ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்த நாட்டின் டாங்கிகள் இவர்கள் ஊருக்குள் புகுந்தன. இப்போது அந்த நாட்டின் வீரர்கள் அதே குளத்தில், கைக்கெட்டும் தூரத்தில். பார்வையாளர் வரிசைகள் நிரம்பி வழிந்தன. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஹங்கேரியர்கள் ஏராளமாக வந்திருந்தார்கள். அணித் தலைவர் நம் ஜார்மதி.

ஹங்கேரி வீரர்கள் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்கள். எதிரணியைப் பேச்சால் சீண்டிக் கோபப்படுத்த வேண்டும். கோபம் வந்தால் ஆட்டத்தில் கவனம் போய்விடும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுத்த ரஷ்ய மொழி அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பயன்பட்டது!

ஆட்டம் தொடங்கியதும் உதையும் அடியும் பறந்தன. இரண்டு பக்கமும்தான். ஜார்மதி ஒரு சோவியத் வீரரை அடித்தது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை மட்டும் மறைத்துவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. எதிரே நின்ற வீரர்கள் டாங்கி ஓட்டி வந்தவர்கள் அல்லர். அவர்களும் பயிற்சி செய்து, நாட்டுக்காக விளையாட வந்த இளைஞர்கள். ஆனால் குண்டு விழுந்த ஊரில் பெற்ற குழந்தையை விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்தக் குளத்தில் இருந்தார் என்பதையும் நாம் மறக்க முடியாது.

ஆட்டத்தில் ஹங்கேரியின் கைதான் ஓங்கியிருந்தது. கோல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 4–0. அவற்றில் 2 கோல் போட்டவர் எர்வின் சாடோர் என்ற வீரர். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் போல இருந்தபோது, வாலன்டின் புரோகோபோவ் என்ற சோவியத் வீரரின் அருகே அவர் மிதந்துகொண்டிருந்தார். விசில் சத்தம் கேட்டது. எதற்கு என்று நடுவர் பக்கம் திரும்பினார் சாடோர். அந்த ஒரு கணத்தில் புரோகோபோவ் கையை ஓங்கி முகத்தில் அடித்துவிட்டார். கண்ணருகே கிழிந்து ரத்தம் கொட்டியது.

சாடோர் முகமெல்லாம் ரத்தத்தோடு கரையேறினார். கூட்டம் கொதித்துப்போனது. பலர் தடுப்பைத் தாண்டிக் குளத்தின் ஓரத்துக்கே ஓடி வந்துவிட்டார்கள். சோவியத் வீரர்களைக் காவலர்கள் சூழ்ந்து பாதுகாப்பாக அழைத்துப் போக வேண்டியதாயிற்று. மீதி ஆட்டம் நடக்கவில்லை. ஹங்கேரி வென்றதாக அறிவிக்கப்பட்டது. குளத்துத் தண்ணீரே சிவந்துவிட்டது என்று அந்நாளில் பலர் கதை கட்டினார்கள். அது மிகை. ஆனால் சாடோரின் ரத்தம் வழிந்த முகத்தைக் காட்டும் புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது உண்மை. இந்த ஆட்டத்தை ‘தண்ணீரில் ரத்தம்’ என்ற பெயரால் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2–1 என்று வென்று ஹங்கேரி தங்கம் வாங்கியது. காயத்தால் ஆட முடியாத சாடோர் வெளியே நின்று பார்த்தார். ஜார்மதிக்கு இது இரண்டாவது தங்கம். (அதே மெல்போர்னில் நம் இந்திய ஹாக்கி அணி பாகிஸ்தானை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

பதக்கம் கழுத்தில் இருக்கிறது. இனி எங்கே போவது? ஹங்கேரியிலிருந்து மெல்போர்னுக்கு வந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. சாடோர் அமெரிக்காவில் தங்கி நீச்சல் பயிற்சியாளர் ஆனார். பிற்காலத்தில் ஒரே ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ், சிறுவனாக இருந்தபோது அவரிடம் பயின்றவர்.

குழந்தை ஆண்ட்ரியா பிழைத்திருந்தாள். ஜார்மதி குடும்பமும் சில காலம் அமெரிக்காவில் வாழ்ந்தது. அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஏவாவின் வயதான பெற்றோர் ஹங்கேரியில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? குடும்பம் திரும்பி வந்தது.

அவர்கள் திரும்பி வந்த ஹங்கேரியில் புரட்சிக்காலப் பிரதமர் இம்ரே நாட்ஜ் 1958-ல் தூக்கிலிடப்பட்டார். புரட்சி என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது, எதிர்ப்புரட்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்றானது. அக்டோபர் 23-ஐ யாரும் வெளிப்படையாக நினைவுகூர முடியாது. ஜார்மதிக்கோ அது பிறந்தநாள்! வீட்டில் மெழுகுவத்தி ஏற்றும்போதும் அந்தத் தேதி ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?

அவர் மறுபடி குளத்தில் இறங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெண்கலம். அந்த முறை சோவியத் அணி இவர்களை முந்தி வெள்ளி வாங்கியது. வயது 32 ஆகிவிட்டது, இனி ஓய்வுதான் என்று பலரும் நினைத்திருப்பார்கள். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக். ஜார்மதி அங்கேயும் வந்தார்! ஹங்கேரியும் யூகோஸ்லாவியாவும் வெற்றிகளில் சமமாக நின்றன. கோல் கணக்கில் ஹங்கேரி முந்தித் தங்கம் வாங்கியது. சோவியத் அணிக்கு வெண்கலம். ஜார்மதிக்கு 37 வயது நிறைய ஒரு வாரம்கூட இல்லை.

1948-ல் வெள்ளி, 1952-ல் தங்கம், 1956-ல் தங்கம், 1960-ல் வெண்கலம், 1964-ல் தங்கம். முதல் பதக்கத்துக்கும் கடைசிப் பதக்கத்துக்கும் இடையே 16 ஆண்டுகள். அவருடைய தோழர் கார்பாத்தியும் அந்த 3 தங்கத்திலும் பங்கு பெற்றவர்.

விளையாட்டை விட்டதும் பயிற்சியாளர் ஆனார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த அணிக்கு வெள்ளி. அதே ஒலிம்பிக்கில் இன்னொரு ஜார்மதியும் பதக்கம் வாங்கினார். யார் தெரியுமா? 1956-ல் புடாபெஸ்டில் விட்டுவிட்டு வந்த அந்தக் குழந்தை! 18 வயது ஆண்ட்ரியா மல்லாந்து நீச்சலில் வெள்ளியும், பட்டாம்பூச்சி நீச்சலில் வெண்கலமும் வென்றார். பயிற்சி கொடுத்தவர் அம்மா ஏவா.

1973-ல் வாட்டர் போலோவுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி பெல்கிரேடில் நடந்தபோது ஜார்மதியின் அணி சாம்பியன் ஆனது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம். 1980-ல் வெண்கலம். அந்த 1980 ஒலிம்பிக் நடந்த இடம் மாஸ்கோ, சோவியத் யூனியனின் தலைநகர்! 24 ஆண்டுகளுக்கு முன் குளத்தில் அடிதடி நடத்தியவர், அந்த ஊர் குளத்தின் கரையில் பயிற்சியாளராக நின்றார்.

காலம் மாறிக்கொண்டிருந்தது. 1980-களின் கடைசியில் சோவியத் யூனியனின் பிடி தளர்ந்தது. 1989 ஜூன் மாதம் இம்ரே நாட்ஜின் உடலைத் தோண்டி எடுத்து மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். அதே ஆண்டு, புடாபெஸ்டில் டான்யூப் கரையில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து, ஹங்கேரி இனி குடியரசு என்று அறிவிக்கப்பட்டது. வேண்டுமென்றே ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். எந்தத் தேதி என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அக்டோபர் 23! ஜார்மதிக்கு அன்று 62 வயது நிறைந்தது.

1990-ல் பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடந்தது. 1956-ல் மாணவர்கள் கேட்ட தேர்தல் 34 ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. ஹங்கேரி ஜனநாயக மன்றம் என்ற கட்சி வென்று ஆட்சி அமைத்தது. அந்தக் கட்சியின் சார்பில் ஜார்மதி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். மொத்தம் 386 உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

விளையாட்டு வீரருக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரிலும் கேட்கிறார்கள். ஜார்மதியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அவர் அரசியலுக்குள் போவதற்கு 34 ஆண்டுகள் முன்பே அரசியல் அவருடைய குளத்துக்குள் வந்துவிட்டதே!

அவர் அமைச்சராகவில்லை. குளத்தில் அணித் தலைவராக இருந்தவர், இங்கே பலரில் ஒருவராக உட்கார்ந்தார். ஆனால் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1991 ஜூன் மாதம் கடைசி சோவியத் படைவீரரும் ஹங்கேரியை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனது. அக்டோபர் 23 தேசிய விடுமுறை நாள் ஆனது.

1994 தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. பழைய ஆளுங்கட்சியிலிருந்து உருவான சோஷலிஸ்ட் கட்சி வென்றது. நேர்மையான தேர்தல் என்றால் அதில் தோல்வியும் வரத்தானே செய்யும்? 4 ஆண்டுகளோடு ஜார்மதியின் நாடாளுமன்றக் காலம் முடிந்தது.

2004-ல் ஹங்கேரி அரசு, வாழும் வீரர்களில் மிகச் சிறந்த 12 பேருக்கு ‘தேசத்தின் விளையாட்டு வீரர்’ என்ற பட்டத்தை வழங்கியது. ஜார்மதியும் அதில் இருந்தார், ஏவா செகேயும் இருந்தார். இருவரும் எப்போதோ மணவாழ்வில் பிரிந்துவிட்டிருந்தார்கள். பட்டியலில் மட்டும் சேர்ந்தே இடம்பெற்றார்கள். 2006-ல், புரட்சியின் 50-ம் ஆண்டில், அந்த மெல்போர்ன் ஆட்டத்தை மையமாக வைத்து ஹங்கேரியில் ஒரு திரைப்படம் வந்தது.

ஜார்மதி 2013 ஆகஸ்ட் 18 அன்று புடாபெஸ்டில் காலமானார். அப்போது அவருக்கு 85 வயது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். 5 மாடிப் படிகளை ஏறி இறங்கிய ஏவா, 2020 வரை வாழ்ந்தார். மகள் ஆண்ட்ரியா நீச்சலை விட்ட பிறகு மருத்துவம் படித்தார். எந்தப் பிரிவில் தெரியுமா? குழந்தைகள் மருத்துவம்.